நல்ல நேரத்தில் கிடைத்த லைன்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது ஐம்பது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, எஸ்.டி.டி. பூத்தின் கூரையிலிருந்து தெருவின் குறுக்கே பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு இழுத்திருந்த கறுப்புத் தொலைபேசிக் கம்பி. அதன்மேல் காகிதத் தோரணம் ஒட்டியிருந்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆற்றுக்கு அந்தப்பக்கம் உள்ள அந்தச் சிற்றூரில் இன்டர்நெட் மையம் திறக்கிறார்கள் என்று செய்தி எடுக்கப் போயிருந்தேன். மையத்துக்கென்று கேட்டிருந்த தொலைபேசி இணைப்பு வந்து சேரவில்லை. திறப்பு விழாத் தேதி மட்டும் வந்துவிட்டது. ஆகவே ஊரில் வெளியூர் பேச இருந்த ஒரே லைனைப் பூத்திலிருந்து பிடுங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். விழாவை நடத்தியவர் ஓய்வுபெற்ற பொறியாளர். மையத்தை நடத்தும் பொறுப்பைத் தருவதாக அவர் சொன்னதும் பூத்காரர் மறுபேச்சின்றிக் கம்பியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்.

கம்ப்யூட்டருக்கு மாலை போட்டிருந்தது. திரையின் நெற்றியில் சந்தனம், குங்குமம். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். பத்து மணிக்குப் பொறியாளர் தம் கையாலேயே லைனைப் போட்டார். மோடம் கீச்சிட்டு இரைந்து ஓய்ந்ததும் கூட்டம் கைதட்டியது. ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் புல்வெளி திரையின் மேலிருந்து கீற்றுக் கீற்றாக இறங்கியது. பாதிப் புல்லோடு நின்றுவிட்டது. அதற்கும் கைதட்டினார்கள்.

பட்டனை அமுக்கித் திறந்துவைக்க வேண்டிய சென்னை அதிகாரி பத்தரைக்குள் வரவில்லை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்தது. இனிப் பன்னிரண்டுக்குப் பிறகுதான் திறப்பு. அதுவரை இணைப்பைத் துண்டித்து வைக்கலாமே என்று கேட்டேன்.

"நல்ல நேரத்துல கிடைச்ச லைன் சார். இப்ப அறுத்துட்டா அந்த நேரம் போச்சுல்லா?" என்றார் பொறியாளர். பாலம் கட்டிய மனிதர். லைன் தானாக அறுந்துவிடாமலிருக்க அதே புல்வெளியைத் திரும்பத் திரும்ப வரவழைத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்ற ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ஏலே, அந்த டப்பாவுக்கு ராகு காலம் தெரியுமால?" என்றார்.

"டப்பாவுக்குத் தெரியாதுவே. தொறக்க வாரவருக்குத் தெரியும்லா."

பதினொன்றேகால் இருக்கும். முப்பது வயதுப் பெண் ஒருவர் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பூத்துக்கு வந்தார். கணவர் சவூதியில், தம்மாமில் கொத்தனார். அங்கே வெள்ளி விடுமுறை என்பதால், வளைகுடாவில் இருக்கும் அந்த ஊர்க்காரர்கள் மதிய ஜும்ஆத் தொழுகைக்கு முன், இங்கே பதினொன்றரை வாக்கில், பூத் நம்பருக்குப் பேசுவது வழக்கம். பெண்கள் வந்து காத்திருப்பார்கள்.

"அண்ணாச்சி, போன் அடிச்சுதா?"

"எப்பிடித்தா அடிக்கும்? லைனு அங்கன போயிட்டு. பைய வரும், இரு."

"பைய வந்தா ஆவாது அண்ணாச்சி. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா, ஊருக்கு வரவான்னு போன வெள்ளி கேட்டாக. யோசிச்சுச் சொல்லுதேன்னேன். இன்னைக்கு நம்மூரு மணிக்குப் பன்னெண்டரைக்கெல்லாம் கம்பெனி ஆளு வந்து பேப்பரை வாங்கிருவானாம். நான் வரச் சொல்லணும்."

இவர் அழைப்பதற்கு அங்கே நம்பர் கிடையாது. அவர்தான் காசு போட்டுப் பேசும் போனிலிருந்து கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் லைன் பிஸி என்றுதான் கேட்கும். பூத்காரர் மையத்தைக் கைகாட்டினார். அந்தப் பெண் செருப்பை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்றார்.

"ஐயா, ஒரு பத்து நிமிசம் அந்த லைனை விட்டுக் குடுங்க. எங்க வீட்டுல பேசுத நேரம்."

பொறியாளர் திரும்பினார். கோபப்படவில்லை. விளக்கினார், அது இன்னும் மோசம். "போனெல்லாம் பழசும்மா. இனி மெயில்தான். ஒங்க வீட்டுக்காரருக்கு மெயில் ஐடி இருக்கா?"

"அவுக கொத்தனார் வேலைலா பாக்காக."

"அதனால என்ன? கத்துக்கிடச் சொல்லு," என்று மவுஸைத் தட்டினார். புல்வெளி மறுபடி மேலிருந்து இறங்கத் தொடங்கியது. அந்தப் பெண் பூத்துக்குத் திரும்பி, கம்பி கழற்றிய போனுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்.

பன்னிரண்டரைக்கு அதிகாரியின் கார் வந்தது. மணிமுத்தாறு அருவியில் குளித்துவிட்டு வந்திருந்தார். தலை ஈரமாக இருந்தது. என்ட்டர் பட்டன் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அமுக்கினார். ஏற்கனவே திறந்திருந்த பக்கம் திறந்தது. இந்த ஊர் இனி உலகத்தோடு பேசும் என்று அரை மணி நேரம் பேசினார். அமெரிக்காவில் நெல் என்ன விலை என்பதை இங்குள்ள விவசாயி வீட்டிலிருந்தே அறிவாராம். அறிந்து என்ன செய்வார் என்று சொல்லவில்லை. எங்கள் பத்திரிகை அந்தப் பேச்சை நான்கு பத்தியில், ஈரத்தலைப் படத்தோடு போட்டது.

கார் போனதும் கம்பியைக் கழற்றிப் பூத்தில் மாட்டினார்கள். மாலையோடு கம்ப்யூட்டரைத் துணியால் மூடிப் பூட்டினார்கள். அந்தப் பெண் பள்ளிவாசலில் மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை பெஞ்சிலேயே இருந்தார்.

அடுத்த வெள்ளி அவர் கணவர் பேசினார் என்று பூத்காரர் பின்னால் சொன்னார். திறப்பு விழா அன்றே, லைன் கிடைக்காமல், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாராம்.