எல்லாம் சாக்கு

அந்த மனிதரை இப்போதும் லிஃப்டில் பார்க்கிறேன். கதவு திறக்கும்போது அவர் உள்ளே நின்றால், நான் திரும்பிப் படி வழியாக இறங்கிவிடுகிறேன். எட்டாவது மாடியிலிருந்து தரைக்கு வந்து சேர்ந்த பிறகும் எனக்குக் கோபம் இறங்கியிருப்பதில்லை.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக்கு ஒரு நடைக் குழு உண்டு. ஞாயிறு காலையில் எல்லாரும் ஒரே நிற டீ-ஷர்ட் மாட்டிக்கொண்டு ஏதாவது ஓர் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நடந்து குறைத்ததற்கு மேல் மசால் தோசை தின்றுவிட்டு வருவார்கள். நானும்தான். குழுவுக்குத் தலைவர் அவர். திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர், ஐ.டி. கம்பெனியில் மேனேஜர், வீட்டிலும் மேனேஜர், ஏரிக்கரையிலும் மேனேஜர். அவர்தான் ஆல்ப்ஸ் மலைப் பூங்காக்கள் வழியாக ஒரு வார நடைப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூடவே வருவார். பகலெல்லாம் நடை, மாலையில் ஏதாவது ஒரு மலைக்குடிலில் சூடான சூப்பும் படுக்கையும்.

என் கணவருக்கு லீவு கிடைக்காது என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. அவருக்குப் பதிலாக என் அக்காவை அழைத்து வருகிறேன் என்று தலைவரிடம் சொன்னேன்.

"அக்காவா? அவங்க எங்க வொர்க் பண்றாங்க?"

"பொம்மனஹள்ளியில, கார்மென்ட்ஸ்ல. செக்கிங் சூப்பர்வைசர்."

"ஓ," என்றார்.

அந்த ஒற்றை எழுத்தில் எத்தனை மாடி உயரம் இருந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். நாங்கள் ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவர்கள். அப்பா மாநகராட்சியில் தெருக் கூட்டினார். அக்கா பள்ளி முடித்ததும் ஃபேக்டரிக்குப் போனாள், அவள் போனதால் நான் காலேஜுக்குப் போனேன். இத்தனை வருஷப் பஞ்சுத் தூசியில் அவளுக்கு நெஞ்சில் வீசிங் வந்து தங்கிவிட்டது. இன்ஹேலர் இல்லாமல் அவள் கடைக்குக்கூடப் போகமாட்டாள். டாக்டரிடம் கேட்டோம். மெதுவாக நடக்கட்டும், மூச்சு வாங்கினால் நின்று நின்று போகட்டும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். இதை அந்த மனிதரிடம் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஷிஃப்ட் முடிந்ததும் அக்கா ஹோசூர் ரோட்டில் இருக்கும் நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பழகினாள். கீழே பூக்கடைக்காரி, "இன்னாக்கா, சுகரா?" என்று கேட்டாளாம். "இல்ல, ஃபாரின்," என்றாளாம் இவள். அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். பனியைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும். ஃப்ரீசரில் படிகிற ஐஸ் இல்லை, வானத்திலிருந்து விழுந்த பனி.

அங்கே எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது ஓர் இளம்பெண். வெயிலில் சிவந்த முகம், அதிகம் பேசாதவள். முதல் நாள் காலையிலேயே விதிகளைச் சொன்னாள். பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்திருப்பதைப் பார்த்து நடக்க வேண்டும். அவள் முன்னால் போவாள். கடைசியில் ஓர் ஆள் நடக்க வேண்டும், அந்த ஆளைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. மலை நடைக் குழுக்களில் அந்த ஆளுக்கு ஸ்வீப்பர் என்று பெயராம். யார் வருகிறீர்கள் என்று கேட்டாள். நம் தலைவர் கையைத் தூக்கினார். கூட்டத்தில் ஒருவர், "ஸ்வீப்பர் சார், துடப்பம் எங்க?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். தலைவருக்கு மட்டும் முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பெயர் அவருக்கு அப்படிக் கசந்தது. என் அப்பாவின் வேலை அது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் கசந்திருக்கும்.

அன்று நடை சுலபம். புல்வெளி, கழுத்தில் மணி கட்டிய மாடுகள், எங்கோ பாறைக்குப் பின்னாலிருந்து விசிலடிக்கும் கொழுத்த அணில் மாதிரி ஒரு பிராணி. அக்கா ஒவ்வொரு மாட்டையும் நின்று விசாரித்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் நாள் ஏற்றம். கணவாயைத் தாண்டினால் குடில், குடிலிலிருந்து இன்னும் மேலே ஏறினால் பனி கிடக்கும் சரிவு. என்னை வழிகாட்டிப் பெண் தன்னோடு முன்னால் நடக்கச் சொன்னாள். எனக்கு வழுக்கும் பாறை பயம், அவள் கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. பின்னால் அக்கா வருகிறாள், அவளுக்கும் பின்னால் அவர் வருகிறார் என்று நம்பித்தான் நடந்தேன்.

குடிலில் பையை இறக்கி, முகம் கழுவிவிட்டு வாசலுக்கு வந்து பார்க்கிறேன், அவர் கையில் சூப்புக் கிண்ணத்தோடு நிற்கிறார்.

"அக்கா எங்க?"

"வந்துட்டிருக்காங்க மேடம். கொஞ்சம் உக்காந்துட்டு வர்றாங்க போல."

போல! மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே நாங்கள் ஏறி வந்த பாதையே தெரியவில்லை. வழிகாட்டிப் பெண் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நீ கடைசி ஆள் இல்லையா? அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கேட்க நிற்காமல் பையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். வழுக்கும் பாறை, பயம், எதுவும் அப்போது நினைவில்லை. அக்கா, அக்கா என்று கத்தினேன். என் சத்தம் மேகத்துக்குள் போய் எங்கேயோ அமுங்கிவிட்டது.

பாதையோரம் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. இன்ஹேலரை அழுத்தத் தெம்பில்லாமல் மடியில் போட்டிருந்தாள். வழிகாட்டிப் பெண் தன் ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்தி, இன்ஹேலரைப் பிடித்து அழுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அக்காவுக்குப் பேச்சு வந்தது.

"ஏன்க்கா இங்கயே உக்காந்துட்டே?"

"அவரு சாக்குன்னாரு. அதான் உக்காந்துகினேன்," என்றாள்.

பெங்களூர்த் தமிழ் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கன்னடத்தில் போதும் என்பதற்கு 'சாக்கு' என்பார்கள். அவர்கள் கொஞ்சம் இழைத்துச் சொல்வது எங்கள் வாயில் அழுத்தமாக விழும். ஸ்ரீராம்புரத்தில் சோறு போடும்போது தட்டை மறித்து "சாக்கு, சாக்கு" என்போம். அந்த மனிதர் சொன்னதோ தமிழ்ச் சாக்கு. மூச்சு வாங்குது, ஒரு நிமிஷம் என்று அவள் நின்றபோது, "எல்லாம் சாக்கு" என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டி நடந்திருக்கிறார்.

குடிலுக்கு வந்து, எங்கள் சாக்கு என்ன, அவர் சாக்கு என்ன என்று நான் கத்திய கத்தலில் வேற்று நாட்டுக்காரர்கள்கூட எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் அசையவில்லை. "அய்யோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லல. உங்கக்கா போதும்னு நெனச்சுட்டாங்களா?" என்று கேட்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். கம்பளிக்குள்ளிருந்து அக்காவும் சிரித்தாள். அவ்வளவுதான், ஒரு மனுஷியை மலையில் விட்டுவிட்டு வந்த குற்றம் மொழிப் பிழை ஆகிவிட்டது. மறுநாள் காலை வழிகாட்டிப் பெண் அக்காவை மேலே போக விடவில்லை. நாங்கள் இருவரும் இறங்கிவிட்டோம். மற்றவர்கள் பனியில் படுத்துப் படம் எடுத்து அனுப்பினார்கள். அக்கா அதை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

ஊர் திரும்பியதும் கிளப் ஹவுஸில் கூட்டம் போட்டார்கள். சமோசா, பெரிய திரையில் படங்கள். அக்காவை யாரும் கூப்பிடவில்லை. அவர் மைக்கைப் பிடித்து, "எல்லாம் சாக்குன்னேன், அவங்க எல்லாம் போதும்னு உக்காந்துட்டாங்க. பெங்களூர்த் தமிழுக்கு ஒரு டிக்‌ஷனரி போடணும் சார்!" என்றார். கைதட்டல்.

நான் எழுந்து நின்றேன்.

"டிக்‌ஷனரி போட்டா அதுல பொறுப்புன்னு ஒரு வார்த்தையையும் போடுங்க சார். கடைசியா நடக்கிறேன்னு கை தூக்கினது நீங்க. எங்கக்காவுக்கு உங்க தமிழ் புரியாது, அது உண்மைதான். மூச்சு முட்டுனா உயிர் போகும்னு உங்களுக்குப் புரியாதா?"

"மேடம், ஜோக்க ஜோக்கா எடுத்துக்கங்க. அவங்களே சிரிச்சாங்களே."

சமோசாத் தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஆட்டோ பிடித்து நேராக பொம்மனஹள்ளியில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். எல்லார் முன்னாலும் அவரை எப்படிக் கேட்டேன் என்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இன்னான்னு சொன்னே? எனக்குத் தமிழ் புரியாதுன்னா?"

"அதில்லக்கா, அந்த சாக்கு..."

"வூட்ல தமிழ் பேசிகினு வளந்தவ நானு. லைன்ல பொண்ணுங்க லீவு கேக்கும்போது நானே எத்தினி தபா சொல்லிருப்பேன், சாக்கு சொல்லாதடின்னு. அவரு சொன்னது எனக்கு நல்லாவே புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் உக்காந்தே?"

"நெஞ்சு அடைக்குதுன்றேன், ஒருத்தரு அத நடிப்புன்றாரு. இழுத்துகினு அவரு பின்னாடியே ஓடி, இல்ல சாமி, நெசமாலுமே அடைக்குதுன்னு காட்டணுமா? போய்யான்னு உக்காந்துகினேன். நீ ஓடியாந்து நின்ன நெலமையில நெசத்த சொல்லிருந்தா, அவர அந்தப் பள்ளத்துல தள்ளிட்டு ஜெயிலுக்குப் போயிருப்பே. இல்ல, அத்தினி பேருகிட்டயும் சண்ட போட்டுகினு நாளைக்கு அதே பில்டிங்ல எப்டி குடியிருப்பே? வாயில வந்த பொய்ய சொன்னேன். அவங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்."

இப்போதே போய் அவர் கதவைத் தட்டப் போகிறேன், எல்லாரிடமும் சொல்லப் போகிறேன் என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் இவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. சத்தம் மட்டும் எழும்பவில்லை.

"அந்தாளு நம்புனாரு, சரி. அவரு கண்ணுக்கு நான் கார்மென்ட்ஸ்காரி, ஒண்ணும் தெரியாதவ. நீ எங்கூட ஒரே தட்டுல துன்னவ. நீ எப்டிடி நம்புனே?"