வாழைப்பழத்தோடு அரசாங்கத்திடம் போனோம்

போன கிழமை சின்ன மகள் என்னைப் பேர்லினில் நாடாளுமன்றம் பார்க்கக் கூட்டிப்போனாள். வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள். பசிக்கென்று நான் வைத்திருந்த வாழைப்பழத்தைக் காவலாளி திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனப்பா சிரிக்கிறியள்?" என்றாள். வரிசையில் நின்றபடி சொல்லி முடிக்கிற கதையில்லை, பிள்ளைகளே. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் பிறக்க முன்பு ஜேர்மனி இரண்டாகக் கிடந்தது. நாங்கள் இருந்த மேற்குப் பக்கத்துக்குத் தலைநகரம் பொன் என்ற சின்ன நகரம். தலைநகரம் என்றால் கொழும்பைப்போல இரைச்சலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பார்த்தால், அரசாங்கம் இருந்த பகுதியில் ரோசாச் செடி வைத்த பழைய வீடுகள், நனைந்த இலை மணம், பின்னால் ரைன் ஆறு. ரயில் கடவை மூடினால் மந்திரியின் கறுப்புக் காரும் நிற்கும், பக்கத்தில் என்னுடைய ஓட்டைச் சைக்கிளும் நிற்கும்.

நகர ஓரத்தில் அகதிகளைத் தங்கவைக்கும் ஹைமில் ஓர் அறையில் மூன்று பேர் இருந்தோம். நான், என் வயதுக்காரன் ராசன், எங்களுக்கு மூத்த செல்வம் அண்ணை. ராசன் சமைத்தால் பருப்பு அடிப்பிடிக்கும். அவன் விடுகிற பகிடியில் அதையும் சாப்பிட்டுவிடுவோம். அவனுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். ஊருக்குத் திருப்பி அனுப்பினால் இராணுவம் பிடிக்கும். அவன் தம்பியை ஏற்கெனவே கொண்டுபோயிருந்தார்கள்.

"அரசாங்கம் ட்ராமில போற தூரத்திலதானே இருக்கு. நேர போய்க் கேப்பம்," என்றார் செல்வம் அண்ணை.

வெறுங்கையோடு ஒருவர் வாசலுக்குப் போய்ப் பழக்கமில்லை எங்களுக்கு. அண்ணை ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி என்னிடம் தந்தார். நானும் கலியாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி ஏந்திக்கொண்டு போனேன்.

அமைச்சு வாசலில் காவலர் பழத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணைக்குத்தான் கொஞ்சம் டொச் பாஷை தெரியும்.

"என்னவாம் அண்ணை?" என்றேன்.

"பழம் வாங்கேலாதாம். லஞ்சமாப் போயிடுமாம். விசயத்தைச் சொல்லட்டாம்."

"பழத்துக்கே இவ்வளவு சட்டமெண்டால் எனக்கு எவ்வளவு இருக்கும்?" என்றான் ராசன். நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

காவலர் உள்ளே தொலைபேசியில் பேசினார். ஒரு பெண் அதிகாரி தூறலில் குடையில்லாமல் இறங்கி வந்து, ராசனின் பெயரையும் ஹைம் விலாசத்தையும் எழுதிக்கொண்டார். பார்க்கிறேன், ஆனால் வாக்குத் தர ஏலாது என்றாராம். பிறகு ஆற்றங்கரை மர வாங்கில் உட்கார்ந்து பழத்தை நாங்களே சாப்பிட்டோம்.

"எனக்குக் கை குடுத்தவ, கண்டனியளே?" என்று ராசன் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தான்.

பதில் வரவில்லை. ஹைம் வாசலில் பொலிஸ் கார் நின்றாலே அவன் ஓடுவதற்குத் தயாராகச் சப்பாத்தைப் போட்டுக்கொள்வான். ஒரு காலையில், "பிரான்ஸ் பக்கம் போறன். ஓரிடத்தில நிண்டாப் பிறகு விலாசம் எழுதிறன்," என்று போய்விட்டான்.

அடுத்த மாதம் பதில் வந்தது. இப்போதைக்கு ராசன் ஜேர்மனியில் இருக்கலாமாம். செல்வம் அண்ணை வாசித்துவிட்டு, "இதை இனி ஆருக்கடா சொல்லுறது?" என்று கட்டிலில் இருந்துவிட்டார். ராசனின் விலாசம் வரவேயில்லை.

பிறகு இரண்டு ஜேர்மனியும் ஒன்றாகி, அரசாங்கம் பேர்லினுக்கு மாறியது. நானும் வேலை தேடிப் பேர்லினில் நொய்கெல்ன் பகுதிக்கு வந்தேன். ஹைமை இடித்துவிட்டார்கள். செல்வம் அண்ணையும் காலமாகிவிட்டார். ராசன் என்றைக்காவது எங்களைத் தேடிப் பொன்னுக்குத் திரும்பி வந்திருந்தால், 'நீ இருக்கலாமடா' என்று சொல்ல அங்கே ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள்.