விருந்தாளிப் புத்தகத்தில் மூன்று பெயர்கள்

நேற்றும் சாயங்காலம் நான்கு மணிக்கே கரண்ட் போய்விட்டது. பால்கனியில் கரி அடுப்பை மூட்டினேன். மழையில் நனைந்த கரி, கண்ணைக் கரித்ததே தவிரப் பற்றவில்லை. புகையோடு ஒரு ஈர மண் வாசனை வந்தது. நான் விசிறியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள். ரங்கூனில், லத்தா பேட்டையில், லிஃப்ட் இல்லாத ஐந்தாம் மாடியில் உட்கார்ந்திருந்த எனக்கு அயர்லாந்து ஞாபகம் வந்தது.

அங்கே சதுப்பு நிலத்து மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து அடுப்பில் எரிக்கிறார்கள். எங்கள் ஒரே மகன் செல்வத்துக்கு டப்ளினில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. கொரோனாவுக்கு முந்தைய வருஷம் எங்களை வரவழைத்தான். வரவழைத்துவிட்டு அவனுக்கே லீவு கிடைக்கவில்லை. ஒரு காரை வாடகைக்கு எடுத்து, நான்கு கிராமங்களில் நான்கு வீடுகளை போனிலேயே பிடித்துக் கொடுத்தான். "ரெண்டு பேரும் ஜாலியா சுத்திட்டு வாங்க. முடிஞ்சா மொத நாள் நானும் பஸ்ஸப் புடிச்சு வந்து சேந்துக்கிறேன்" என்றான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டும் போன முதல் பயணம் அது. பேச என்ன இருக்கப்போகிறது என்று எனக்கு உள்ளூரப் பயம்.

பேச நிறையவே இருந்தது. "இடது பக்கம் போங்க! இடது பக்கம்!" ரங்கூனில் கார்களுக்கு ஸ்டீயரிங் வலது பக்கம், ஓட்டுவதும் சாலையின் வலது பக்கம். அங்கேயும் ஸ்டீயரிங் வலது பக்கம்தான், ஆனால் ஓட்டுவது இடது பக்கம். ஸ்டீயரிங் பழகிய இடத்தில் இருந்ததால் என் வீட்டுக்காரரின் உடம்பு ஊரிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் ஆள் உயர வேலிச்செடி, நடுவில் ஒரே ஒரு கார் நுழைகிற சந்து, எதிரே டிராக்டர். நான் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். டிராக்டர்க்காரர் கையை ஆட்டிவிட்டு டிராக்டரைப் பின்னுக்கு எடுத்தார். "பாத்தியா, நமக்கு வழி விடுறான்" என்றார் இவர், தப்பு தன்னுடையது என்று தெரியாத மாதிரி.

முதல் வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். சாவியைக் கொடுத்தார், கெட்டிலைக் காட்டினார், கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார். ஒரு காகிதம் கேட்கவில்லை. எங்கள் ஊரில் கூடப் பிறந்த தங்கச்சி ஒரு ராத்திரி தங்கினாலும் வார்டு ஆபீசில் எஸயின் கொடுக்க வேண்டும். விருந்தாளிப் பட்டியல் என்று அர்த்தம். பெயர், அப்பா பெயர், கார்டு நம்பர், எத்தனை நாள், எதற்காக வந்தார், எல்லாம்.

பெட்டியைத் திறக்க நான் விடவில்லை. "பேரு எழுதாம எப்படிங்க தங்குறது? யாராச்சும் வந்து கேட்டா?"

"யாருடி வரப்போறா? மாடுதான் வரும்" என்றார். சொன்னாரே தவிர, அவரும் ஷூவைக் கழற்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சை. வேலியோரம் ஒரு போலீஸ்காரர்கூட இல்லை. நாங்கள் இரண்டு பேரும் லாக்கப்பில் உட்கார்ந்த மாதிரி கட்டில் விளிம்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் இரண்டு பாஸ்போர்ட்டையும் கல்யாண சர்டிபிகேட்டையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பேர் எங்கே எழுதுவது என்று நான் கேட்ட இங்கிலீஷில் அந்தம்மா கொஞ்சம் விழித்தார். பிறகு முகம் மலர்ந்து, கணப்பு மேடையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தார். அப்பாடா, இங்கேயும் பட்டியல் இருக்கிறது! ஒன்று விடாமல் எழுதினேன். எங்கள் இருவருக்கும் கீழே செல்வத்தையும் எழுதினேன்.

"அவன் எங்கடி இங்க இருக்கான்?"

"வந்தான்னா? பேரு இல்லாம எங்க தங்குவான்?"

அவன் வரவில்லை, அன்றைக்கு ஷிப்ட் மாற்றிவிட்டார்கள். போனில் நான் புத்தகத்தைப் பற்றிச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். தங்கினவர்கள் நாலு நல்ல வார்த்தை எழுதிவைக்கிற புத்தகமாம் அது. எனக்கு மேலே எழுதியவர் சூரிய அஸ்தமனத்தைப் புகழ்ந்திருக்கிறார், நான் அப்பா பெயரும் கார்டு நம்பரும் எழுதியிருக்கிறேன். அடுத்த மூன்று வீடுகளில் நானும் நாகரிகமாக முட்டை நன்றாக இருந்தது என்று எழுதினேன்.

திரும்பி வந்தோம். அதற்குப் பிறகு இங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்து என்னென்னவோ நடந்துவிட்டது, உங்களுக்கும் தெரியும். எங்கள் பாஸ்போர்ட்டுகள் காலாவதியாகிவிட்டன, புதுப்பிப்பது இப்போது லேசில் நடக்கிற காரியமில்லை. செல்வம் வரக் கூடாது என்று நாங்களே சொல்லிவிட்டோம். படைக்கு ஆள் எடுக்கிற வயது அவனுக்கு. உள்ளே வந்தால் வெளியே போக முடியாது. வார்டு ஆபீசின் வீட்டுப் பட்டியலைப் பார்த்துத்தான் ஆள் கேட்டு வருவார்கள், அதில் பெயர் இருந்தாலே பயம். ஒரு நாள் நாங்கள் இருவரும் வார்டு ஆபீசுக்குப் போய் அவன் பெயரை எடுத்துவிடச் சொன்னோம். அங்கிருந்த பையன் தன்மையானவன். "ஆன்ட்டி, நல்லா யோசிச்சீங்களா?" என்று பர்மியத்தில் கேட்டான்.

"அடிச்சிடுங்க" என்றார் இவர்.

திரும்பி வந்து படியேறும்போது மூன்றாம் மாடியில் நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறது என்றுதான் நினைத்தேன். "பெத்தவனே பேர அடிச்சிட்டேன்டி" என்றார். அந்தப் புத்தகத்தைச் சொல்லித்தான் தேற்றினேன். மூன்று பேரும் ஒரே தாளில் அங்கே இருக்கிறோமே, அதை யாரும் அடிக்க மாட்டார்களே என்றேன். அதன் பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிற சாயங்காலங்களில் நானும் அதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் செல்வம் கூப்பிட்டான். அந்தப் பக்கம் போயிருந்தானாம். "அம்மா, நீங்க மொத நாள் தங்கின வீடு இப்ப இல்லம்மா. அந்தம்மா தவறிட்டாங்க. சாமானையெல்லாம் அள்ளிப் போட்டுட்டு வீட்ட வித்துட்டாங்க. போர்டுகூட இல்ல."

"அந்தப் புத்தகம்?"

"எந்தப் புத்தகம்மா?"

இவர் பக்கத்தில்தான் இருந்தார், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.