பலூன் சொன்ன வறட்சி

ஸ்ரீலக்ஷ்மியின் விரல்கள் பலூனின் கழுத்தை நூலால் இறுக்கிக்கொண்டிருந்தன. வாயும் சும்மா இல்லை. "சென்சார்ல யாரும் கை வைக்கப்படாது, கேட்டேளா? பச்சைக் குழந்தையாக்கும் அது."

வயது ஐம்பத்தாறு. திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்ரஹாரத்து வீடு. தினமும் தலை நிறையத் தேங்காய் எண்ணெய். வானிலை ஆய்வு நிலையத்தில், செயற்கைக்கோள் ஊரைக் கடக்கும் நேரம் பார்த்துப் பலூன் விடுவது அவர் வேலை. மேகம் மூடினால், "இன்னிக்கு அதுக்குக் கண்ணு தெரியாது" என்று டீ குடிக்கப் போய்விடுவார்.

நெற்றியைத் தொடாமல் காய்ச்சல் பார்க்கும் கருவி இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. செயற்கைக்கோளும் அதே அகச்சிவப்புக் கதிரைக் கொண்டுதான் காற்றின் சூட்டையும் ஈரத்தையும் அடுக்கடுக்காக அளக்கிறது. நோயாளி போர்வையை இழுத்து மூடினால் கருவி போர்வையைத்தான் அளக்கும், மேகமும் அப்படி. அளந்தது சரியா என்று பார்க்கத்தான், சென்சாரைக் கட்டித் தொங்கவிட்ட பலூன்.

சில வாரங்களாக இரண்டும் ஒத்துப்போகவில்லை. கீழ்க்காற்றில் ஈரம் அதிகம் என்றது செயற்கைக்கோள். அவ்வளவு இல்லை என்றது பலூன். "மேல இருக்கறதுதான் தப்பு" என்றார் ஸ்ரீலக்ஷ்மி. அவர் சொன்னால் அங்கே மறுபேச்சில்லை. மறுநாள் கூட்டத்தில் செயற்கைக்கோள் கணக்கை ஒதுக்கிவிடுவதாக ஏற்பாடு. ஒதுக்கினால், அதை வைத்தே ஆராய்ச்சி செய்துவந்த மலையாளத்துப் பெண் நீதுவின் உழைப்பு அத்தனையும் வீண். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மத்தியானம் ஸ்ரீலக்ஷ்மி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பலூனுக்கு வாயு நிரப்பும் சுனில் போனை நீட்டினான். காலையில் பலூன் விட்டதைப் படம்பிடித்து, பாட்டுச் சேர்த்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். "மேடம் சினிமா நடிகை மாதிரியல்லே!"

"போடா!" என்று சிரித்தவர், சட்டென்று, "நில்லு, திரும்பப் போடு" என்றார்.

படத்தில் அவர் காற்றில் கலைந்த முடியை ஒதுக்குகிறார். அதே விரலால், குழந்தைக்குப் பொட்டைச் சரிசெய்வதுபோல், வளைந்த சென்சாரை நேராக்குகிறார்.

சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்தார். கை கழுவித் துடைத்தார். புதுச் சென்சார்கள் இரண்டை அருகருகே வைத்து, ஒன்றில் மட்டும் தலையைத் தடவிய விரலைத் தேய்த்தார். எண்ணெய் பட்ட அதுதான் ஈரத்தைக் குறைத்துக் காட்டியது.

"கூட்டத்துல மேடம் கையாலன்னு பறயண்டாம். மெஷின் கேடுன்னு சொல்லலாம்" என்றான் சுனில்.

"பழியை மெஷின் வாங்கினவன் தலையில வெக்கறதா? நன்னாருக்கு."

பக்கத்தில் நின்ற நீது மெல்லக் கேட்டாள்: "அப்போ என்டெ கணக்கு சரியா மேடம்?"

"சரிதாண்டி. போய்ச் சாப்பிடு."

மறுநாள் காலைக் கூட்டத்தில் நடந்ததை நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். பிறகு நீதுவை முன்னால் நிறுத்தி, தான் கணினியருகே போய் உட்கார்ந்தார். அவள் பேசப் பேச, திரையில் அவளுடைய வரைபடங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தார்.