டக் என்று முடிந்த பாட்டு

முப்பது வருஷமாக என் பாட்டு என்று சொல்லிக்கொண்டு திரிந்த ஒரு பாட்டில் எனக்கு முக்கால்வாசிதான் தெரியும் என்பதைப் போன குளிர்காலத்தில், ஒரு பெரிய கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன். அந்த அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை. இதைக்கூடப் பாதி கோபத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். டில்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் காலை நேரத்தில் எல்லா வீட்டிலும் பக்திப் பாட்டு கேட்கும். எங்கள் வீட்டில் மட்டும் எலெக்ட்ரிக் கிடார் கதறும். நெற்றியில் திருநீறு, மடியில் பேப்பர், காதில் ராக் சங்கீதம். மத்திய அரசு ஆபீசில் ஃபைல் பார்த்து ரிட்டயர் ஆன மனுஷன் இப்படி இருப்பார் என்று யாரும் நம்பமாட்டார்கள். உலகத்தில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு வெள்ளைக்காரக் குழு. அவர்களுடைய ஆல்பம் எல்லாவற்றையும் தேடித்தேடிச் சேர்த்து வைத்திருந்தார், ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று அவர்களுடைய கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் தொகுப்பு. பாதிப் பேருக்கு அந்தக் குழுவைத் தெரிந்ததே அந்தத் தொகுப்பால்தான். டாக்சியில், ஹோட்டலில், ஜிம்மில், எங்கே போனாலும் அதுதான் ஓடும். இவர் மட்டும் அதை வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்.

"ஹிட்ஸ் கேக்கிறவன்லாம் ரசிகனா? கல்யாணத்துக்கு வந்து பாயசத்தை மட்டும் குடிச்சிட்டுப் போறவன்" என்பார்.

பெரிய ரசிகர், அவருக்குத் தெரியாததா என்று நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ராக்கும் தெரியாது, அந்தக் கத்தலும் ஆகாது. அந்தக் குழுவின் பாட்டில் ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பிடிக்கும். அதுவும் அவர் யாரிடமோ வாங்கிப் பதிவுசெய்து கொடுத்த கேசட்டில் கேட்டது; அவர் சேர்த்துவைத்த ஆல்பம் எதிலும் அது கிடையாது.

கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சார்ட்டர்டு பஸ்ஸில் ஆபீசுக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். விஷயம் மதுரையில் என் அப்பா காதுக்குப் போனது. உடனே மெட்ராசுக்கு மாற்றல் கேள், இல்லாவிட்டால் வேலையை விடு என்று ஆடித் தீர்த்துவிட்டார். நீண்ட லீவு போட்டுக்கொண்டு கிளம்பினேன். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக ஒரு கேசட்டைக் கையில் திணித்தார் இவர். "கடைசிப் பாட்டைக் கேளு" என்றார்.

அந்தப் பாட்டில் ஒருத்தன் ஒரு வீட்டு வாசல் கேட்டில் நிற்கிறான். மழை பெய்கிறது, போகிறவன் வருகிறவனெல்லாம் கேலி பண்ணுகிறான், அவன் நகரவில்லை. நீ வரும்வரை நின்றுகொண்டே இருப்பேன் என்கிறான். கிடார் கொஞ்சம் அழும். அப்புறம் டக் என்று ஒரு சத்தம். பாட்டு முடிந்துவிடும்.

அந்த டக்கும் பாட்டில் சேர்ந்தது என்றே நினைத்தேன். கேட்டைத் தாழ்போடும் சத்தம், இனி நகரமாட்டேன் என்று அர்த்தம், ஆகா என்ன கற்பனை என்று நானே மெச்சிக்கொண்டேன். பாடும்போது முடிவில் நாக்கால் ஒரு டக் போடுவேன். பிற்பாடு மகள் பிறந்து அவளைத் தூங்க வைத்தபோதும் அதே பாட்டு, அதே டக். கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி. போய் செல்போன் வந்தது. ஒவ்வொரு தடவையும் இவரே உட்கார்ந்து அந்தப் பாட்டை மட்டும் பக்குவமாக மாற்றிக் கொடுத்தார், டக்கோடு சேர்த்து. எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போயிருக்கிறேன்.

மதுரையில் இரண்டு வருஷம் இருந்தேன். அப்பா வரன் கொண்டுவருவார், நான் சரி என்றும் சொல்லமாட்டேன், மாட்டேன் என்றும் சொல்லமாட்டேன். அப்பா மனசு தானாகக் கரையட்டும், டில்லியில் இவர்தான் நிற்கிறாரே, என்ன அவசரம் என்று இருந்தேன். ராத்திரி தம்பியின் டேப் ரெக்கார்டரில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பேன். நின்றுகொண்டே இருப்பேன், டக். நிம்மதியாகத் தூக்கம் வரும். ஒருவழியாக அப்பா சம்மதித்து நான் டில்லி வந்து சேர்ந்தபோது, இவருடைய அம்மா போய்ச் சேர்ந்து நாலைந்து மாசம் ஆகியிருந்தது. அவ்வளவு முடியாமல் இருந்தார்கள் என்பதே எனக்குத் தெரியாது. சொன்னால் நான் பதறி ஓடிவருவேன், மனசார வந்ததாக இருக்காது என்று மறைத்துவிட்டாராம். அத்தை என்று ஒரு தடவைகூட நான் கூப்பிட வாய்க்கவில்லை. மருமகளைப் பார்க்காமலே போய்விட்டார்களே என்பது இவருக்கு இன்றைக்கும் ஆறாத குறை.

போன குளிர்காலத்தில் மகள் எங்கள் கல்யாண நாளுக்கு என்று மூன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். டில்லிப் பையன்கள் சிலர் அந்தக் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் தொகுப்பை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை மேடையில் வாசிக்கிறார்களாம்.

"அப்பா, உங்க பேண்டு. அம்மா, உங்க பாட்டு. சலோ, ரெடியாகுங்க" என்றாள்.

இவர் முகம் வெளுத்துவிட்டது. முழங்கால் வலி என்றார். காற்று மாசு என்றார். டூப் குழு வாசிப்பதைக் கேட்பது பாவம் என்றார். "அதே காத்துலதானே தெனம் பார்க்குல வாக்கிங் போறீங்க? கெளம்புங்க பேசாம" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே போய்ப் பார்த்தால், என் வாழ்நாளில் அப்படி ஒரு கூட்டம் பார்த்ததில்லை. சர்தார்ஜி தாத்தாக்கள், காலேஜ் பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த பாட்டின் முதல் வரியைக் கூட்டமே முந்திக்கொண்டு பாடியது. தொகுப்பில் அந்த வரிசையில்தான் இருக்குமாம், அடுத்தது என்ன என்று எல்லாருக்கும் மனப்பாடம். பாயசம் குடிக்க வந்தவர்களாக எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொருத்தர் முகத்திலும் சொந்த வீட்டுக்குள் நுழைகிற களை இருந்தது. கட்டாயம் இவருக்கும் பிடிக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பையன் மாதிரி நின்றிருந்தார்.

கடைசியில் என் பாட்டு வந்தது. நானும் பாடினேன், வெட்கமே இல்லாமல். கேட் வந்தது, மழை வந்தது, நின்றுகொண்டே இருப்பேன் வந்தது, கிடார் அழுதது. நான் நாக்கால் டக் போட்டேன்.

பாட்டு நிற்கவில்லை.

டிரம்ஸ் இடி மாதிரி விழுந்தது. அத்தனை பேரும் செல்போன் விளக்கைத் தூக்கிப் பிடித்தார்கள். கூட்டம் முழுக்க இதற்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. எல்லாரும் தொண்டை கிழியப் பாடினார்கள். கேட்டில் நின்றவன் கிளம்பிவிட்டான். போதும், நின்றது போதும், இனி நீ வந்தாலும் என்னைத் தேடாதே என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான். பக்கத்தில் என் மகளும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் பாடுகிறாள். நான் திறந்த வாய் மூடாமல் நின்றேன்.

"இது என்னடி புதுசா?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அரே அம்மா, இதுதான் மெயின் பார்ட். நம்ம வீட்டுல இதைப் பாடமாட்டீங்க, உங்களுக்குப் பிடிக்காதுன்னு நெனச்சேன்" என்றாள்.

இவர் பக்கம் திரும்பினேன். ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் சிநேகிதிகளோடு பிறகு வருகிறேன் என்று தங்கிவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் மெட்ரோவில் வந்தோம். முதல் நாலு ஸ்டேஷன்வரை பழசையெல்லாம் மனசுக்குள் புரட்டிக்கொண்டே வந்தேன். வாயைத் திறந்தால் பெட்டி தாங்காது. கனாட் பிளேஸ் ஹோட்டலில் ஒரு தடவை இந்தப் பாட்டு ஆரம்பித்ததும் பாதிச் சாப்பாட்டில் இவர் பில் கேட்டது, என் தம்பி பரிசாகக் கொடுத்த ஹிட்ஸ் சி.டி.யை மறுநாளே யாருக்கோ தூக்கிக் கொடுத்தது, எல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தது. பாயசமாம் பாயசம்.

"டேப் அதோட தீந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"தீரலை. நான்தான் நிப்பாட்டினேன். அந்த டக், டேப் ரெக்கார்டர் பட்டன் சத்தம்."

முப்பது வருஷம் ஒரு பட்டன் சத்தத்தைத் தாலாட்டாகப் பாடியிருக்கிறேன்.

"எதுக்கு?"

"அந்தாளு கடைசியில கெளம்பிப் போயிடறான். நான் போறதா இல்லை. அப்புறம் அதை எதுக்கு உன் கையில குடுக்கணும்? இவனும் இப்படித்தான் போயிருவான்னு நெனச்சு, அங்கேயே எவனுக்காவது நீ கழுத்தை நீட்டிட்டேன்னா?" என்றார். "பயந்துட்டேன்."

வேறு யாராவது என்றால் உருகியிருப்பார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் என் பாட்டை வெட்டியிருக்கிறார்.

"அறிவு இருக்கா உங்களுக்கு? நீங்க நிப்பீங்க, நிப்பீங்கன்னுதானே நான் ரெண்டு வருஷம் அங்க ஆற அமர உக்காந்திருந்தேன்? இவன் போயிருவான்னு ஒரு வரி காதுல விழுந்திருந்தா, அப்பாவாவது ஆட்டுக்குட்டியாவது, அடுத்த வண்டியப் பிடிச்சு ஓடி வந்திருப்பேன். மொத மாசமே வந்திருப்பேன்."

அவர் மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. சொன்னதைத் திரும்ப விழுங்க முடிந்தால் விழுங்கியிருப்பேன்.

"அப்ப எங்கம்மா உசிரோட இருந்துச்சு" என்றார்.

எங்கள் ஸ்டேஷன் வந்தது. கதவு திறந்து, கொஞ்ச நேரம் நின்று, மூடிக்கொண்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.