பிரியம்வதாவின் கணுக்கால்

பிரியம்வதாவுக்குத் தன் கால்களைப் பார்த்தாலே குமட்டியது. பெருவிரல் நகம் கறுத்து, பாதி கழன்று நின்றது. உடைந்த கொப்புளத்தில் ஒட்டிய காலுறையைப் பிய்க்கும்போது வந்த வாடை, சாப்பிட உட்கார்ந்தாலும் மூக்கைவிட்டுப் போகவில்லை. அப்போது அவளுக்குப் பதினோரு வயது.

அப்பா குருமூர்த்தி கல்கத்தாவின் கார்டன் ரீச்சில் ரயில்வே அதிகாரி. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே மாற்றலாகி வந்ததும், அம்மா சுந்தரவல்லி மகளை பாலே நடன வகுப்பில் சேர்த்தாள். நடத்தியவள் டோரின் மிஸ். மறுவருடமே ஆண்டுவிழாவுக்காகச் சிறுமிகள் எல்லோருக்கும் பாயின்ட் ஷூ மாட்டிவிட்டாள். முனை மரக்கட்டைபோல இறுகியிருக்கும் அந்த ஷூவில் விரல்நுனியில் ஏறி நிற்க வேண்டும். அதற்குக் காலில் பலம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. போட்டோவில் அழகாக விழும், அவ்வளவுதான்.

வலிக்கிறது என்றபோது அம்மா ஷூவுக்குள் வைக்கப் பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். "எல்லாரும் நிக்கறா. நீ மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சுண்டா எப்படி?"

விழாவன்று கணுக்கால் மடிந்து மேடையிலேயே விழுந்தாள். அதுவும் நடனத்தில் ஒரு பகுதி என்று நினைத்து முன்வரிசை கைதட்டியது. அந்தக் கைதட்டலை அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

கட்டுப் பிரித்தபின், பிசியோதெரபிஸ்ட் மஹாதேவன் அவளை ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னார். கால் வெடவெடவென்று நடுங்கியது. "இந்தக் காலையா நுனியில ஏத்தினா?" என்று கேட்டார். சுந்தரவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிரியம்வதா பாலேவை விட்டுவிடவில்லை. ஆட்டம் அவளுக்குப் பிடித்திருந்தது, ஆட்டிவைத்தவர்களைத்தான் பிடிக்கவில்லை. காலுக்குப் பலம் சேர்க்க, தரையில் விரித்த துண்டை விரல்களாலேயே சுருட்டி இழுத்தாள். சைக்கிள் ட்யூபைப் பாதத்தில் மாட்டி, விரல் மடங்காமல் நீட்டினாள். மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல ஏற்றி, அதைவிட மெல்ல இறக்கினாள். அலுப்பூட்டும் வேலை. பக்கத்து வீட்டு காகிமா, அந்த வங்காளி மாமி, கேலி செய்துவிட்டுப் போவாள்.

சில வருடங்கள் கழித்து அதே வகுப்பின் விழாவில் பாயின்ட் ஷூவில் ஏறினாள். கணுக்கால் அசையவில்லை. ஆடி முடித்து உள்ளே வந்தபோது, மஹிமா என்ற சின்னப் பெண் அழுதுகொண்டிருந்தாள். அவள் ஷூவின் சாட்டினில் ரத்தம் கசிந்திருந்தது. டோரின் மிஸ் ஷூவுக்குள் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

பிரியம்வதா மண்டியிட்டு ரிப்பனை அவிழ்த்தாள். டோரின் மிஸ் தடுத்தாள். மஹிமாவின் அம்மா ஓடிவந்தாள்.

"என் பொண்ணு ஆடக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு?"

"இவ கால் இன்னும் தயாராகல ஆன்ட்டி. நீங்களே பாருங்கோ."

அந்த அம்மா மகளின் காலைப் பார்க்கவில்லை. ரிப்பனைத் தன் கையாலேயே மறுபடி இறுக்கிக் கட்டினாள். மஹிமா ஆடினாள். கைதட்டல் கேட்டது. பிரியம்வதா பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் மேடை ஏறவில்லை.

படிப்பு முடிந்து, கல்கத்தாவிலேயே பெஹாலா பகுதியில் ஒரு அறை பிடித்து அவளே வகுப்பு தொடங்கினாள். பாதமும் கணுக்காலும் பலப்படும் வரை அங்கே யாருக்கும் பாயின்ட் ஷூ கிடையாது. சேர்க்க வந்த அன்றே 'எப்போது ஷூ' என்று கேட்கும் பெற்றோரைப் பார்த்தால் அவள் முகம் சுளிக்கும். அதை மறைக்கவும் மாட்டாள். வகுப்பு ஒருபோதும் நிறைந்ததில்லை.

ஒருநாள் ஒரு தாய் புது ஷூவோடும் எட்டு வயது மகளோடும் வந்தாள்.

"ஷூவை எடுத்துண்டு போங்கோ. பொண்ணை விட்டுட்டுப் போங்கோ" என்றாள் பிரியம்வதா.

அந்தத் தாய் மகளையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பிரியம்வதா கதவைச் சாத்திவிட்டு, இருந்த பெண்களைக் குதிகாலைத் தூக்கச் சொன்னாள்.