பந்தை யாரிடம் கொடுப்பது: சூசை அண்ணை நினைவாக

நெடுந்தீவிலிருந்து காலைப் படகில் வந்து குறிகட்டுவானில் இறங்கிய ஒருவர்தான் எனக்குச் செய்தி சொன்னார். காற்றில் பழுதான தொலைபேசிக் கோபுரம் மூன்று நாளாகியும் திருத்தப்படவில்லை. தீவுக்குள்ளிருந்து யாரும் யாருக்கும் பேச முடியாமல் இருந்த நாட்கள் அவை.

"சூசை அண்ணை விடிய எழும்பேல்லை. நித்திரையிலை உயிர் போட்டுது. மத்தியானப் படகிலை கொண்டுவருவினம். மனிசிக்குப் பக்கத்திலை, ஊர்காவற்றுறையிலைதான் அடக்கம்," என்றார்.

நான் வேலை செய்யும் அஞ்சலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்காக நாங்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி எழுதினேன். ஊரிலும் வெளிநாட்டிலுமாக நூற்றுக்கு மேற்பட்ட பழைய மாணவர்கள் இருக்கும் குழு. பாரிசிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் இரங்கல் வரிகள் வந்து குவியத் தொடங்கின. அப்போது பகல் பதினொரு மணி.

மத்தியானம் அணியின் பயிற்றுநரும் நானும் இன்னும் மூன்று பேரும் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றோம். படகு தெரிந்தது. அது இன்னும் கரைக்கு வரவில்லை. பெட்டியின் மேல் போட்டிருந்த வெள்ளைத் துணி மட்டும் கண்ணுக்குத் தெரிகிற தூரம். அந்த நேரத்தில் எங்கள் ஐந்து பேரின் தொலைபேசிகளும் ஒன்றாக ஒலித்தன. எடுத்துப் பார்த்தேன். இரங்கல்களுக்குக் கீழே, சூசை அண்ணையின் பெயரில், ஒன்றன்பின் ஒன்றாக நான்கு குரல்பதிவுகள்.

ஐவரில் ஒருவரும் அதைத் தொடவில்லை. படகு துறையில் அணைந்தபோது, பெட்டியின் மேல் வைத்திருந்த ஒரு கைப்பை விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அது அவருடைய தங்கை எலிசபெத் அக்காவின் கைப்பை. அண்ணையின் போன் அதற்குள் இருந்தது. கரையை நெருங்கியதும் இணைப்பு கிடைத்து, மூன்று நாளாக அதில் தேங்கிக் கிடந்த பதிவுகள் வெளியே போக, காலையிலிருந்து நாங்கள் எழுதிய இரங்கல்கள் எல்லாம் அவருக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தன. காரணம் எனக்கு நன்றாகவே விளங்கியது. இருந்தும் அக்கா அந்தக் கைப்பையை எடுத்த பிறகுதான் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினேன். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "அண்ணை கதைக்கிறார். என்னப்பா நடக்குது அங்கை?"

அவரைக் குழுவில் குரலாக மட்டும் அறிந்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன். சூசைநாதன் கடல் இயந்திரங்கள் திருத்துகிறவர். பிறந்தது ஊர்காவற்றுறை. மனைவி இறந்த பிறகு, நெடுந்தீவில் தனியாக இருந்த தங்கையோடு போய் இருந்துகொண்டார். எங்கள் கல்லூரியில் படித்த காலத்தில் அவர் அணியில் இருந்ததில்லை. "என்னை ஒருத்தரும் எடுக்கேல்லை. நான் வெளியிலை நிண்டு பாத்தனான். பாக்கிறவனும் வேணும்தானே," என்பார்.

ஒரு மாலை பயிற்சி நடக்கும்போது அவர் மைதானத்து மதிலோடு சாய்ந்து, கண்களை மூடிக்கொண்டு நின்றார். நித்திரை கொள்கிறார் என்று நினைத்து தோளைத் தட்டினேன். கண்ணைத் திறக்காமலே, "பொறும். இப்ப மூலையிலை நிக்கிற நெட்டையனுக்குக் குடுப்பான்," என்றார். பந்து அவனுக்குத்தான் போனது. "அடுத்தது திருப்பி வரும்." திரும்பி வந்தது. அப்படி ஏழெட்டுத் தடவை, பந்து கையை விட்டுப் போவதற்கு ஒரு கணம் முன்னால் சொன்னார்.

"எப்பிடி அண்ணை?"

"கண் பந்துக்குப் பின்னாலை ஓடும் குமார். காது ஓடாது. அது பத்துப் பேரின்ரை காலையும் ஒண்டாக் கேக்கும்."

முப்பது வருடம் இயந்திரங்களுக்குக் காது கொடுத்த மனிதர். அதன் பிறகு அவர் கண்ணை மூடினால் நான் ஓரடி தள்ளி நிற்கப் பழகிக்கொண்டேன்.

அவருக்கும் எனக்கும் நடந்த சண்டை உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் அதைக் கேட்பதற்காகத்தான் குழுவில் இருந்தீர்கள். அணியின் தாக்குதலை யார் நடத்துவது, பந்தை யார் மேலே கொண்டுபோவது என்பதுதான் சண்டை. புளியங்கூடல் பெடியன் றூபன் வேகமானவன். பந்தை வாங்கினால் நேரே கூடைக்குப் போவான். சூசை அண்ணை அவன் பக்கம். இறுப்பிட்டியிலிருந்து வரும் நிரோஜன் நின்று பார்த்து, மற்றவர்களுக்குக் கொடுத்து விளையாடுகிறவன். நான் அவன் பக்கம். இரண்டு பருவகாலமாக ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் அவர் ஐந்து நிமிடம் பேசி அனுப்புவார். நான் ஆறு நிமிடம் பேசி அனுப்புவேன். பயிற்றுநர் இரண்டையும் கேட்டுவிட்டு றூபனிடமே பந்தைக் கொடுப்பார்.

ஒருமுறை நான் எல்லை மீறினேன். "உங்கடை காது இஞ்சினுக்குச் சரி, பெடியளுக்குச் சரிவராது" என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டேன். அவர் குழுவை விட்டு விலகினார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அஞ்சலகத்துக்கு வந்து, முத்திரை வாங்குகிற வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் சொன்னார்:

"கோவம் போகேல்லை. ஆனா வேற ஆரோடை நான் சண்டை பிடிக்கிறது? என்னைத் திருப்பிச் சேர்த்துவிடும்."

முத்திரை வாங்காமலே போனார்.

அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து நேரே கல்லூரி மைதானத்துக்கு வந்தோம். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அணிப் பெடியள் வெள்ளைச் சேட்டோடு சீமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை யாழ்ப்பாணத்தில் அரையிறுதிப் போட்டி. பயிற்றுநர் போனைத் தரையில் வைத்து, "கேட்டுப்போட்டுப் போவம்," என்றார்.

முதல் மூன்று பதிவுகளும் வழக்கமான சண்டை. எனக்குப் பதில், எனக்கு ஏச்சு, பிறகு ஒரு பகிடி. பெடியள் சிலர் சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். காலையில் இறந்தவர் முந்தின நாள் மாலை சொன்ன பகிடிக்குச் சிரிக்கலாமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நான்காவது பதிவில் குரல் தாழ்ந்திருந்தது. பின்னால் கடல் கேட்டது.

"குமார், நான் வியாழக்கிழமை வந்து பயிற்சியைக் கேட்டனான். வீட்டை வந்ததிலை இருந்து யோசிச்சுக்கொண்டிருக்கிறன். றூபன்ரை இடது கால் பிழை. வைக்கேக்கை அரைவாசிதான் வைக்கிறான். வலது கால் சத்தத்தோடை பொருந்தேல்லை. அவன் ஒருத்தருக்கும் சொல்லேல்லைப் போல. மாஸ்டரிட்டைச் சொல்லும், அவனை நிப்பாட்டச் சொல்லி. பந்தை நிரோவிட்டைக் குடுக்கட்டும்." சற்று இடைவெளி. பிறகு, "இதோடை நீர் வெண்டிட்டீர் எண்டு நினையாதையும்."

பயிற்றுநர் றூபனைப் பார்த்தார். றூபன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உண்மையே?"

"இல்லை சேர்," என்றான். பிறகு போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஓம் சேர். பத்து நாளா நோகுது," என்றான்.

சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். அவனால் கழற்ற ஏலாமல் பக்கத்திலிருந்த பெடியன்தான் இழுத்தான். கணுக்கால் வீங்கிக் கறுத்திருந்தது. அதைச் சுற்றித் துணி கட்டி, மேலே இரண்டு காலுறை போட்டிருந்தான். வீட்டிலும் சொல்லவில்லையாம். மாகாண அணிக்குத் தெரிவு செய்கிறவர்கள் அரையிறுதிக்கு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறான்.

"அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்று றூபன் கேட்டான். "அவர் கண்ணை மூடிக்கொண்டுதானே நிண்டவர்."

அப்போதும் எங்களுக்குள் வாக்குவாதம் வராமல் இல்லை. ஊசி போட்டு ஒரு ஆட்டம் விளையாடலாம் என்றார் ஒருவர். வெளிநாட்டிலிருந்து ஒருவர், செத்தவர் சொல்லி அணியை மாற்றுவதா என்று கேட்டு எழுதினார். இரண்டு வருடமாக நிரோ வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்திய நான், அன்று வாய் திறக்கவில்லை. பயிற்றுநர் எழுந்து, பந்தை நிரோஜனின் மடியில் வைத்தார். அவன் அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் இருந்தான்.

மறுநாள் மூன்று புள்ளியால் தோற்றோம். நிரோ நன்றாகத்தான் நடத்தினான். கடைசி நிமிடங்களில் கூடைக்கு நேரே போக ஒருவன் இல்லாமல் போனதால் தோற்றோம். எங்கள் பக்கத்தில் ஒருவரும் சத்தம் போடவில்லை. ஆட்டம் முழுவதும், அவர் வழக்கமாக நிற்கிற அளவுக்கு ஒரு இடத்தை விட்டே நாங்கள் நின்றிருந்தோம். இதை ஒருவரும் சொல்லிச் செய்யவில்லை. றூபனுடைய காலில் எலும்பு வெடித்திருப்பதாகப் படம் எடுத்துப் பார்த்த வைத்தியர் சொன்னார். அதோடு ஓடியிருந்தால் முழுதாக முறிந்திருக்குமாம்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், தோற்ற ஆட்டத்தைப் பற்றி நான் குழுவில் ஒரு பதிவு போட்டேன். பதில் வரவில்லை. யாராவது கேட்டார்களா என்று பட்டியலைத் திறந்து பார்த்தேன். முதலாவது பெயர் சூசை அண்ணை. கேட்ட நேரம் மாலை ஐந்தரை.

பயிற்றுநரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "போனை அவரின்ரை கையோடை பெட்டிக்குள்ளை வைச்சதை நான் கண்டனான் குமார்," என்றார். அடுத்த வாரம் வேறொருவர் ஏதோ போட்டார். அதையும் அண்ணை கேட்டிருந்தார். ஐந்தரைக்கு. குழுவில் எல்லோரும் அதைக் கண்டிருக்க வேண்டும்; ஒருவரும் அதைப்பற்றி எழுதவில்லை. பிறகு ஒருவரும் எதையுமே எழுதவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு நெடுந்தீவுக்குப் போனேன். வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பின்னும், மாலைப் படகுக்கு நேரமிருந்ததால் எலிசபெத் அக்கா என்னை இருக்கச் சொன்னார். கல்மதில் வீடு, முன் அறையில் ஒரு சாய்மனைக் கதிரை. எனக்கு வேறு கதிரையைக் காட்டினார். பூசைக்கு வந்தவர்களும் அந்தச் சாய்மனைக் கதிரையில் உட்காராமல் சுற்றிப் போனதை நான் கவனித்திருந்தேன்.

போன் அந்தக் கதிரையின் கைப்பிடியில் கிடந்தது.

"வைச்சனான், பிறகு எடுத்துப்போட்டன்," என்றார் அக்கா, நான் கேட்காமலே. "வீட்டிலை சத்தம் இல்லாமல் ஏலாது தம்பி. ஆர் கதைக்கினம், என்ன கதைக்கினம் எண்டு எனக்கு விளங்காது. கோபுரம் திருத்தின நாளிலை இருந்து, அவர் கேக்கிற நேரத்துக்குப் போட்டுவிடுறன்."

"பின்னேரம் ஐந்தரைக்கே?"

"ஓம்." அவர் கொஞ்சம் தயங்கினார். "நீங்கள் ஏன் இப்ப சண்டை பிடிக்கிறேல்லை?"

நான் சாய்மனைக் கதிரையைப் பார்த்தேன்.

"கிழமைக் கணக்கா ஒண்டும் வரேல்லை. நீங்கள் கதைச்சால் அவர் பேசாமல் இருந்து கேப்பார். ஒண்டும் வராட்டி எழும்பி நடக்கிறார். குசினிக்கும் முன்னறைக்குமா நடக்கிறார். கால் சத்தம் எனக்குத் தெரியும்தானே." உப்புப் போடுகிற அளவைச் சொல்வதுபோல அதைச் சொன்னார். "எனக்குப் பயமில்லை. அந்த மனிசன் களைச்சுப்போகும் எண்டுதான்."

படகுக்கு நடக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். பார்க்கவில்லை. இறங்குதுறையில் நின்று போனை எடுத்தபோது, நிரோவுக்காகப் பேசினால் ஒருவரும் மறுத்துப் பேச இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குழுவே இப்போது நிரோவின் பக்கம். சண்டைக்கு இரண்டு பக்கம் வேண்டும்.

குழுவுக்கு ஐந்து நிமிடம் பேசி அனுப்பினேன். றூபனின் கால் ஆறியதும் பந்து திரும்ப அவனிடம்தான் போகவேண்டும் என்றேன். கடைசி நிமிடத்தில் கூடைக்கு நேரே போகிறவனிடமே ஆட்டம் இருக்க வேண்டும் என்றேன். அண்ணை சொல்லி நான் ஏளனம் செய்த காரணங்கள் ஒவ்வொன்றையும் சொன்னேன். பலதும் நியாயமாகவே இருந்தன. படகு ஏறுமுன் பாரிசிலிருந்து ஒருவர் எனக்குக் கடுமையாகப் பதில் சொல்லிவிட்டார். அவருக்கு இன்னொருவர் பதில் சொன்னார். மணி ஐந்து இருபது.

அவரை அறிந்தவர்களே, அவருடைய உடைமை எதையும் அக்கா தந்தபோது நான் வாங்கவில்லை. என்னோடு இருப்பது அந்தச் சண்டையில் அவர் நின்ற பக்கம் மட்டும்தான். றூபனுக்காக இப்போது பேசுகிறவன் நான். நிரோதான் சரி என்கிற என் எண்ணம் இன்றைக்கும் மாறவில்லை. அதை அந்தக் குழுவில் இனி நான் சொல்லப்போவதில்லை.